எட்டாத பேஸ் கிளாஸ்: சி++ வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் நிரலில் ‘சாதனம்’ என்றொரு கிளாஸ் இருக்கிறது. அதை பேஸாக, அதாவது தாய்க் கிளாஸாக வைத்து, ‘உணரி’, ‘மோட்டார்’ என்று இரண்டு கிளாஸ்கள் பிறக்கின்றன. இரண்டையும் சேர்த்து ‘பம்பு’. இத்தனை நாள் ஜிசிசி கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் -டபிள்யூஎக்ஸ்ட்ரா கொடியைச் சேர்த்ததும், வெர்ச்சுவல் பேஸான சாதனம் பம்புக்குள் குழப்பத்தால் எட்டாமல் போகிறது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வருகிறது. உணரியில் வெர்ச்சுவல் என்று சரியாகத்தான் போட்டிருக்கிறோம். நிரலும் ஓடுகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா? (வாசகர், கோவை)

பதில்: விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. உணரியில் வெர்ச்சுவல் போட்டீர்கள். மோட்டாரில் போட்டீர்களா என்று பாருங்கள். போட்டிருக்க மாட்டீர்கள்.

வெர்ச்சுவல் என்ற சொல்லைச் சாதனம் கிளாஸில் எழுதுவதில்லை, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கிளாஸின் தலைப்பு வரியிலும் தனித்தனியாக எழுதுகிறோம். வெர்ச்சுவல் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்வார்கள். கேட்காதவருக்குத் தனிப் பிரதி கிடைக்கும். ஆகவே உங்கள் பம்பு ஒவ்வொன்றுக்குள்ளும் இப்போது இரண்டு சாதனங்கள் இருக்கின்றன: உணரி வழியாக வரும் வெர்ச்சுவல் பிரதி ஒன்று, மோட்டார் வழியாக வரும் சாதாரணப் பிரதி ஒன்று.

நிரல் ஓடுகிறதே என்பதுதான் இதில் ஆபத்து. சாதனத்தில் ‘எண்’ என்ற முழு எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உணரியின் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) அதை 7 என்று மாற்றுகிறது. மோட்டாரின் செயற்கூறு அதே பெயரில் படிக்கிறது. கிடைப்பது பழைய மதிப்பு. இரண்டும் அவரவர் பிரதியைத் தொடுகின்றன, எந்த வரியிலும் பிழை கிடையாது. பம்பின் சுட்டியை (பாயிண்டரை) சாதனத்தின் சுட்டியாக மாற்றவோ, பம்பின் வழியாக ‘எண்’ணை நேரடியாகத் தொடவோ எங்காவது முயன்றால்தான் கம்பைலர் பிழை காட்டி நிறுத்தும். நீங்கள் இன்னும் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான்.

திருத்தம் ஒரே சொல். மோட்டாரின் தலைப்பை ‘கிளாஸ் மோட்டார் : பப்ளிக் வெர்ச்சுவல் சாதனம்’ என்று மாற்றுங்கள். எச்சரிக்கை போய்விடும். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. இந்த இடத்தில்தான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள்.

வெர்ச்சுவல் பேஸைக் கட்டும் பொறுப்பு இடையில் நிற்கும் கிளாஸ்களுக்கு இல்லை, கடைசியாக நிற்கும் கிளாஸுக்கே. பம்பை உருவாக்கும்போது, உணரியின் கன்ஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டைக் கட்டும் செயற்கூறு) மோட்டாரின் கன்ஸ்ட்ரக்டரும் சாதனத்துக்கு என்று எழுதி வைத்திருக்கும் தொடக்க மதிப்புகளைக் கம்பைலர் ஒதுக்கிவிடும். பம்பின் கன்ஸ்ட்ரக்டர் சாதனத்தை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் சாதனத்தின் டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர், அதாவது மதிப்பு எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர், அழைக்கப்படும். டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் இல்லையென்றால் நல்லது, பிழை வந்து காப்பாற்றும். இருந்தால் சத்தமே இல்லாமல், நீங்கள் தந்த எண் போய் அது வைக்கும் மதிப்பு வந்துவிடும். ஆகவே பம்பின் தொடக்கப் பட்டியலை ‘சாதனம்(எண்), உணரி(எண்), மோட்டார்(எண்)’ என்று எழுதுங்கள், சாதனத்தை முதலில் வைத்து. நீங்கள் எந்த வரிசையில் எழுதினாலும் வெர்ச்சுவல் பேஸ்தான் முதலில் கட்டப்படும். வரிசை மாறினால் -டபிள்யூஆல் என்ற எச்சரிக்கைக் கொடி போட்டிருப்பவர்களுக்கு வரிசை பற்றிய தனி எச்சரிக்கை வரும். நாளை பம்பிலிருந்து இன்னொரு கிளாஸ் பிறந்தால் அதற்கும் இதே கடமை உண்டு.

அளவும் மாறும். சாதனத்தில் ஒரே ஒரு முழு எண், மற்ற கிளாஸ்களில் வேறு எதுவும் இல்லை என்று கொண்டால், 64 பிட் லினக்ஸில் ஜிசிசி தரும் பம்பின் அளவு: எங்குமே வெர்ச்சுவல் இல்லாதபோது 8 பைட், உங்களுடைய கலப்பு நிலையில் 16, இரண்டிலும் வெர்ச்சுவல் போட்டபின் 24. ஒரு பிரதி குறைந்தும் அளவு கூடுவதற்குக் காரணம், வெர்ச்சுவல் பேஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உணரியும் மோட்டாரும் ஆளுக்கொரு 8 பைட் சுட்டியைச் சுமப்பதுதான். ஆப்ஜெக்டை அப்படியே கோப்பிலோ நெட்வொர்க்கிலோ பைட்டுகளாக எழுதும் பழக்கம் உங்கள் நிரலில் இருந்தால், இந்தத் திருத்தத்துக்கு முன்பே அதை நிறுத்துங்கள்.

எச்சரிக்கை பத்து இடங்களில் வந்தால் பதற வேண்டாம். பம்பிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கிளாஸிலும் அது மறுபடி எழும். மரத்தில் மிக மேலே இருக்கும் கிளாஸுக்கு வந்ததை முதலில் திருத்துங்கள்; மற்றவை தாமாக அடங்கும்.

கேள்வி: இரண்டு கிளாஸிலுமே வெர்ச்சுவல் போடாமல் வைரவடிவ இன்ஹெரிட்டன்ஸ் (ஒரே தாயின் இரண்டு சேய்களிலிருந்து ஒரு கிளாஸ் பிறப்பது) எழுதிப் பார்த்தேன். -டபிள்யூஎக்ஸ்ட்ரா போட்டும் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அப்படியானால் அது பாதுகாப்பானதா?

பதில்: இல்லை. அதிலும் இரண்டு பிரதிகள்தான். கம்பைலர் எதைச் சோதிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மௌனம் புரியும்.

ஜிசிசி இரண்டு வகை பேஸ்களை மட்டும் சோதிக்கிறது. முதலாவது, கிளாஸின் தலைப்பு வரியில் நேரடியாக எழுதப்பட்ட பேஸ். அது இன்னொரு வழியிலும் உள்ளே வந்திருந்தால் எந்தக் கொடியும் இல்லாமலே எச்சரிக்கும். ‘ஏ’யிலிருந்து ‘பி’, பிறகு ‘சி’யின் தலைப்பில் பி, ஏ இரண்டும் என்றால் இந்த வகை. இரண்டாவது, வெர்ச்சுவல் பேஸ். அது -டபிள்யூஎக்ஸ்ட்ரா இருந்தால் மட்டும். வெர்ச்சுவலே இல்லாத உங்கள் வைரத்தில் உச்சியில் உள்ள கிளாஸ் நேரடி பேஸும் அல்ல, வெர்ச்சுவலும் அல்ல. எனவே இரண்டு சோதனையிலும் சிக்காது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் நேரடி பேஸை மட்டுமே பார்க்கும்; ஆனால் எந்தெந்தப் பாதையில் அந்தக் கிளாஸ் உள்ளே வந்தது என்று வரிவரியாகக் காட்டும், அது மிகவும் உதவும். மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோவில் நேரடி பேஸ் திரும்ப வரும் நிலைக்கு எச்சரிக்கை எண் சி4584.

நேரடி பேஸுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? ‘தாத்தா வீட்டுக்குப் போ’ என்றால் எந்தத் தாத்தா என்ற கேள்வி வரும். ‘அம்மாவழித் தாத்தா’ என்றால் வராது. வைரத்தில் இரண்டு பிரதிகளுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது: முதலில் உணரியாக மாற்றி, அங்கிருந்து சாதனத்துக்குப் போகலாம். ஆனால் பி, ஏ இரண்டையும் தலைப்பில் எழுதிய சி கிளாஸில், நேரடியாக வந்த ஏ பிரதிக்கு இடையில் ஆளே இல்லை. அதைக் குறிப்பிட்டுச் சொல்ல மொழியில் வழி கிடையாது. உள்ளே இடம் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து எவராலும் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் கிடக்கும்.

எச்சரிக்கையை நம்பியிராமல் நீங்களே ஒரு காவல் போடலாம். சி++20இல் ‘டிரைவ்ட் ஃப்ரம்’ என்ற கான்செப்ட் (வகைகளைச் சோதிக்கும் நிபந்தனை) உள்ளது. அது மெய்யாக வேண்டுமானால் பேஸ் பப்ளிக்காகவும் (வெளியாருக்குத் திறந்ததாகவும்) இருக்க வேண்டும், குழப்பமில்லாமலும் இருக்க வேண்டும். பம்பு கிளாஸ் முடிந்த கையோடு, பம்பு, சாதனம் இரண்டையும் அதற்குக் கொடுத்து ஒரு ஸ்டேட்டிக் அசர்ட் எழுதுங்கள்; நிபந்தனை பொய்யானால் கம்பைல் நின்றுவிடும். சி++11 முதல் சி++17 வரை பயன்படுத்துபவர்கள், பம்பின் சுட்டி சாதனத்தின் சுட்டியாக மாறுமா என்று ‘இஸ் கன்வர்ட்டிபிள்’ கொண்டு சோதிக்கலாம். ‘இஸ் பேஸ் ஆஃப்’ இதற்கு உதவாது: பிரதி இரண்டானாலும், பேஸ் பிரைவேட்டானாலும், அது மெய் என்றே சொல்லும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினால் ஜிசிசி 8 முதல் -எஃப்டம்ப்-லாங்-கிளாஸ் என்ற கொடி உண்டு. ஒவ்வொரு கிளாஸின் உள்ளமைப்பையும் ஒரு கோப்பில் எழுதித் தரும். சாதனம் என்ற பெயர் பம்பின் கீழ் வெவ்வேறு இடங்களில் இரண்டு முறை வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கேள்வி: பிழை நேரும்போது எறியும் எங்கள் எக்செப்ஷன் கிளாஸ் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ரன்டைம் எரரிலிருந்தும், எங்கள் சொந்த ‘குறியீட்டுப்பிழை’ கிளாஸிலிருந்தும் பிறக்கிறது. குறியீட்டுப்பிழை, அதே லைப்ரரியின் எஸ்டிடி எக்செப்ஷனை வெர்ச்சுவலாகப் பெறுகிறது. வெர்ச்சுவல்தான் பாதுகாப்பு என்று படித்தோம். ஆனால் மெயினில் எஸ்டிடி எக்செப்ஷனுக்குப் போட்ட கேட்ச் (எறிந்ததைப் பிடிக்கும் பகுதி) இதைப் பிடிக்கவே இல்லை, நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. (வாசகர், சென்னை)

பதில்: இந்த வகை எச்சரிக்கையை ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ரன்டைம் எரர், எஸ்டிடி எக்செப்ஷனைச் சாதாரணமாகப் பெறுகிறது, வெர்ச்சுவலாக அல்ல. உங்கள் குறியீட்டுப்பிழை வெர்ச்சுவலாகப் பெறுகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்த கிளாஸில் எஸ்டிடி எக்செப்ஷன் இரண்டு பிரதிகள். முதல் கேள்வியில் வந்த அதே கலப்பு.

இங்கே கூடுதலாக ஒரு விதி வேலை செய்கிறது. ஒரு கேட்ச் பகுதி பேஸ் கிளாஸைக் கொண்டு பிடிக்க வேண்டுமானால், அந்த பேஸ் பப்ளிக்காகவும் குழப்பமில்லாமலும் இருக்க வேண்டும். குழப்பம் இருந்தால் அந்தக் கேட்ச் பொருந்தவில்லை என்று கருதி அடுத்ததற்குப் போய்விடும். சாதாரணச் சுட்டி மாற்றத்தில் குழப்பம் என்றால் கம்பைல் பிழை. எக்செப்ஷனில் குழப்பம் என்றால் ஓடும்போது நடக்கும் மௌனமான நழுவல். வேறு எந்தக் கேட்சும் பிடிக்காவிட்டால் டெர்மினேட் அழைக்கப்பட்டு நிரல் நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். ரன்டைம் எரருக்கு என்று ஒரு கேட்ச் போட்டுப் பாருங்கள், பிடிக்கும். அந்தக் கிளாஸ் உள்ளே ஒன்றே ஒன்றுதான்.

ரன்டைம் எரரை நீங்கள் திருத்த முடியாது. ஆகவே உங்கள் பக்கத்தை மாற்றுங்கள். குறியீட்டுப்பிழை எஸ்டிடி எக்செப்ஷனிலிருந்து பிறக்கவே வேண்டாம். அது குறியீட்டு எண்ணை மட்டும் சுமக்கும் தனிக் கிளாஸாக இருக்கட்டும். பூஸ்ட் லைப்ரரியின் எக்செப்ஷன் கிளாஸும் எஸ்டிடி எக்செப்ஷனிலிருந்து பிறக்காமல் தனியாகத்தான் நிற்கிறது. இன்னும் எளிய வழி: குறியீட்டு எண்ணை ரன்டைம் எரரிலிருந்து பிறந்த கிளாஸுக்குள் ஓர் உறுப்பு மாறியாக வைத்துவிடுவது. இரண்டாவது பேஸே தேவைப்படாது. எங்கள் பரிந்துரை இதுதான்.

‘வெர்ச்சுவல்தான் பாதுகாப்பு’ என்பது, வம்சத்தில் எல்லோரும் வெர்ச்சுவலாகப் பெறும்போது மட்டும் உண்மை. உச்சி முதல் அடி வரை எல்லாக் கிளாஸும் உங்கள் கையில் இருந்தால் அப்படி எழுதலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ‘கிளாஸ்’ என்ற சொல்லில் தொடங்கும் அறிவிப்பில் பப்ளிக் என்று எழுத மறந்தால் பேஸ் பிரைவேட் ஆகிவிடும். அப்போதும் இதே நழுவல் நடக்கும், பிரதி ஒன்றே ஆனாலும்.

இதே மறதி, தன்னையே ஷேர்டு பாயிண்டராக (பலர் பகிரும் சுட்டியாக) தரும் ‘எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ்’ கிளாஸிலும் உண்டு. அதைப் பிரைவேட்டாகப் பெற்றால் ஷேர்டு பாயிண்டர் தன் குறிப்பை உள்ளே பதிக்காது. சி++17 முதல், பிறகு ஷேர்டு ஃப்ரம் திஸ் அழைக்கும்போது ‘பேட் வீக் பாயிண்டர்’ எக்செப்ஷன் எழும்.

கேள்வி: நகலெடுப்பதைத் தடுக்கும் பூஸ்ட்டின் நான்காப்பியபிள் கிளாஸைப் பல கிளாஸ்களில் பேஸாகப் போட்டிருக்கிறோம். ஒரு கிளாஸில் மட்டும் ‘நேரடி பேஸ் எட்டவில்லை’ எச்சரிக்கை. காலி கிளாஸ்தானே, என்ன கெட்டுவிடும்?

பதில்: அந்தக் கிளாஸின் இன்னொரு பேஸும் நான்காப்பியபிளிலிருந்து பிறந்திருக்கும். செயல்பாடு கெடாது, நகல் எடுப்பது தடைபட்டே இருக்கும். கெடுவது இடம். காலி பேஸ் பொதுவாக இடம் பிடிக்காது. ஆனால் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பேஸ்கள் ஒரே முகவரியில் இருக்கக் கூடாது என்பது மொழியின் விதி. ஒரு முழு எண் கொண்ட 4 பைட் கிளாஸ் இதனால் 64 பிட் லினக்ஸில் 8 பைட் ஆகலாம்.

தாய்க் கிளாஸ் நகலெடுக்க முடியாததாக இருந்தால் சேய்க்கும் அது தானாக வரும். இரண்டாவதை நீக்குங்கள். புதிய நிரல்களில் இந்த பேஸே வேண்டாம்: சி++11 முதல், காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் காப்பி அசைன்மெண்ட்டையும் ‘= டிலீட்’ என்று எழுதினால் போதும்.

கேள்வி: பழைய நிரல் ஒன்றை விஷுவல் ஸ்டுடியோவின் புதிய பதிப்புக்கு மாற்றினோம். ‘அடி’ கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரும் டிஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டை அழிக்கும் செயற்கூறு) புரொடெக்டட், அதாவது சேய்க் கிளாஸ்களுக்கு மட்டும் திறந்தவை. ‘நடு’ அதைப் பிரைவேட் வெர்ச்சுவலாகப் பெறுகிறது. ‘மேல்’ நடுவைப் பப்ளிக்காகப் பெறுகிறது. மேலின் சுட்டியை டிலீட் செய்யும் வரியில், நீக்கப்பட்ட செயற்கூறை அழைப்பதாகச் சொல்லும் சி2280 பிழை. முன்பு கம்பைல் ஆனதே!

பதில்: முன்பு கம்பைல் ஆனதுதான் தவறு. 2015 பதிப்பின் முதல் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்தியது.

இங்கே ‘எட்டாதது’ என்பதற்குப் பொருள் வேறு. குழப்பம் ஏதுமில்லை, பிரதி ஒன்றுதான், அனுமதிதான் இல்லை. வெர்ச்சுவல் பேஸைக் கடைசிக் கிளாஸான மேல்தான் கட்ட வேண்டும் என்று முதல் பதிலில் பார்த்தோம்; அழிக்க வேண்டியதும் மேல்தான். ஆனால் நடு அதைப் பிரைவேட்டாக வைத்திருப்பதால் மேலுக்கு அடியின் புரொடெக்டட் உறுப்புகளைத் தொட உரிமையில்லை. கடமை இருக்கிறது, உரிமை இல்லை. எனவே மேலின் டிஸ்ட்ரக்டரைக் கம்பைலர் நீக்கப்பட்டதாக வைத்துவிடுகிறது. இந்தக் கிளாஸில் ஆப்ஜெக்டே உருவாக்க முடியாது என்று அதே கம்பைலர் சொல்லும் சி4594 எச்சரிக்கையும் இதைச் சேர்ந்ததே.

திருத்த இரண்டு வழிகள். நடுவின் தலைப்பில் பிரைவேட் வெர்ச்சுவல் என்பதைப் புரொடெக்டட் வெர்ச்சுவல் ஆக்கலாம். நடு உங்கள் கையில் இல்லையென்றால், மேலின் தலைப்பில் ‘பிரைவேட் வெர்ச்சுவல் அடி’ என்று நேரடியாகச் சேர்க்கலாம். வெர்ச்சுவல் என்பதால் இரண்டாவது பிரதி வராது, உரிமை மட்டும் கிடைக்கும். அந்த வெர்ச்சுவலை மறந்தால் முதல் கேள்வியின் நோய் வந்துவிடும், கவனம்.

அடியின் கன்ஸ்ட்ரக்டர் பப்ளிக்காகவே இருந்தாலும், மேலின் தொடக்கப் பட்டியலில் ‘அடி(1)’ என்று எழுதினால் அந்தப் பெயர் இந்த இடத்தில் எட்டவில்லை என்று பிழை வரலாம். அடி என்ற பெயரை மேலுக்குள் தேடும்போது நடு வழியாக வந்த பிரைவேட் பெயர் முதலில் அகப்படுவதே காரணம். பெயருக்கு முன் இரட்டை முக்காற்புள்ளி சேர்த்து ‘::அடி(1)’ என்று எழுதுங்கள்; உலகளாவிய பெயரை எடுத்துக்கொள்ளும்.

சி++11க்கு முந்தைய நிரல்களில் இதே தன்மையை வேண்டுமென்றே பூட்டாகப் பயன்படுத்தினார்கள். பிரைவேட் கன்ஸ்ட்ரக்டர் கொண்ட ஒரு ‘பூட்டு’ கிளாஸ். அதை வெர்ச்சுவல் பேஸாகப் பெறும் ஒரே கிளாஸ் அதன் ஃப்ரெண்ட், அதாவது உள்ளே தொட அனுமதி பெற்றது. அந்தக் கிளாஸிலிருந்து யாராவது இன்னொரு கிளாஸைப் பிறப்பித்தால், பூட்டைக் கட்ட உரிமையில்லாமல் கம்பைல் ஆகாது. அப்படி ஒன்றைப் பழைய நிரலில் கண்டால் பூட்டை எடுத்துவிட்டு, மேற்கொண்டு பிறப்பிப்பதைத் தடுக்கும் ‘ஃபைனல்’ என்ற சொல்லைப் போடுங்கள். ஆப்ஜெக்டின் அளவும் குறையும்.

கேள்வி: எல்லாவற்றையும் வெர்ச்சுவல் ஆக்கிவிட்டேன். இப்போது சாதனத்தின் சுட்டியிலிருந்து பம்பின் சுட்டிக்கு ஸ்டேட்டிக் காஸ்ட் (கம்பைல் நேர வகை மாற்றம்) செய்தால் பிழை.

பதில்: வெர்ச்சுவல் பேஸ் எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பது ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் மாறும். கம்பைல் நேரத்தில் கீழ்நோக்கிக் கணக்கிட முடியாததால் மொழி அதைத் தடுக்கிறது. ஓடும்போது கணக்கிடும் டைனமிக் காஸ்ட் பயன்படுத்துங்கள். சாதனத்தில் குறைந்தது ஒரு வெர்ச்சுவல் செயற்கூறு இருக்க வேண்டும், டிஸ்ட்ரக்டரை வெர்ச்சுவல் ஆக்கினால் போதும். அடைப்புக்குறிக்குள் வகையை எழுதும் சி பாணி காஸ்ட்டை முயல வேண்டாம். இரண்டு கிளாஸின் முழு வரையறையும் தெரிந்த இடத்தில் அதுவும் இதே பிழையைத் தரும். முன்னறிவிப்பு மட்டும் இருக்கும் இடத்தில் தவறான முகவரியைப் பேசாமல் தந்துவிடும்.

கேள்வி: வெளியார் லைப்ரரியின் ஹெடரிலிருந்து வரும் எச்சரிக்கையை மட்டும் அடக்க முடியுமா?

பதில்: ஜிசிசி 10 முதல் இதற்குத் தனிப் பெயர் உண்டு: -டபிள்யூஇன்ஆக்சஸிபிள்-பேஸ். கிளாங்கிலும் அதே பெயர். ஹெடரைச் சேர்க்கும் வரிக்கு முன் ‘பிராக்மா ஜிசிசி டயக்னாஸ்டிக்’ புஷ், பிறகு இந்தப் பெயரை இக்னோர், ஹெடருக்குப் பின் பாப். அந்த ஹெடரில் டெம்ப்ளேட் இருந்தால் வெறும் சேர்ப்பில் எச்சரிக்கை எழாமல், நீங்கள் அதற்கு வகை கொடுத்துப் பயன்படுத்தும்போதுதான் எழும். ஜிசிசி 10க்கு முந்தைய பதிப்புகளில் நேரடி பேஸ் எச்சரிக்கைக்குத் தனிக் கொடி இல்லை.

உங்கள் சொந்தக் கோப்புகளில் அடக்குவதற்குப் பதில் -டபிள்யூஎக்ஸ்ட்ராவுடன் இதே பெயரைப் பிழையாக உயர்த்தும் -டபிள்யூஎரர்=இன்ஆக்சஸிபிள்-பேஸ் கொடியைச் சேர்ப்பது நல்லது.

கேள்வி: பைத்தானில் இந்தத் தொல்லை உண்டா? (மாணவர், மதுரை)

பதில்: பைத்தானில் ஒரு ஆப்ஜெக்டுக்குள் பேஸின் இரண்டு பிரதிகள் என்பதே இல்லை. ஆனால் பி கிளாஸ் ஏவிலிருந்து பிறந்திருக்க, சி கிளாஸின் அடைப்புக்குள் ஏ, பி என்ற வரிசையில் எழுதினால், முரணில்லாத தேடல் வரிசை அமைக்க முடியவில்லை என்று டைப் எரர் வரும். பி, ஏ என்று மாற்றினால் சரியாகிவிடும். அப்போதும் ஏ தேவையற்றதுதான். பி வழியாக அது ஏற்கெனவே வந்துவிட்டது.